செம்மறித் திருட்டு வழக்கு: இடைக்கால இங்கிலாந்தை வகுப்பில் நடத்தும் முறை

மூலனூர்ப் பக்கம் மேல்நிலை வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். இடைக்கால இங்கிலாந்தின் நீதிமுறை என்றாலே பிள்ளைகளுக்குத் தூக்குமரம் மட்டும்தான் மனதில் தங்குகிறது. அவர்களை வைத்தே ஒரு வழக்கை நடத்திப் பாருங்கள். கொலை வழக்கு வேண்டாம். 1400-ஐ ஒட்டிய காலத்தில் பக்கத்துப் பட்டியில் ஒரு செம்மறியைத் திருடியவன் வழக்கே போதும்.

கூக்குரலில் தொடங்குங்கள். ஆட்டைப் பறிகொடுத்தவர் கத்த, காதில் விழுந்தவர் அத்தனை பேரும் துரத்த வேண்டும். காவல்துறை இல்லாத காலம். 1285-ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டம் இதை ஊரார் கடமையாக்கியிருந்தது.

தீர்ப்புச் சொல்லும் ஊரார் குழுவான ஜூரிக்கு 12 பேர். அன்று ஆண்கள் மட்டுமே. அதைச் சொல்லிவிட்டு மாணவிகளையும் உட்கார வையுங்கள். ஜூரிகள் அதே வட்டாரத்துக்காரர்கள், பிடிபட்டவன் எப்படிப்பட்டவன் என்று அறிந்தவர்கள். அவனுக்கு வழக்கறிஞர் கிடையாது, தானே பேச வேண்டும்.

இனி விலை. இதற்குப் பாதி நேரத்தைக் கொடுங்கள். திருடிய பொருளின் மதிப்பு 12 பென்ஸை (பென்ஸ் என்பது ஆங்கிலேயரின் சில்லறைக் காசு) தாண்டினால் தூக்கு, அதற்குள் என்றால் உயிர் தப்பும். ஒரு செம்மறியின் விலையோ ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நின்றது. ஜூரிகள் மனம் இரங்கி மதிப்பைக் குறைத்துச் சொன்னதும் உண்டு. எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. “பல் விழுந்த கிழட்டு ஆடு டீச்சர், 10 பென்ஸ்கூடத் தேறாது” என்பாள் ஒருத்தி. “சினை ஆடு, எப்படிக் குறையும்?” என்று எழுவான் இன்னொருவன். குறுக்கே போகாதீர்கள். சட்டம் கடுமையாக இருந்தபோதும் ஊரார் அதை எப்படி வளைத்தார்கள் என்பது இந்த வாக்குவாதத்தில்தான் புரியும்.

குற்றவாளி என்று தீர்ப்பானால் கடைசி வழி ஒன்று உண்டு: வாசிக்கத் தெரிந்த ஆணைப் பாதிரிமார் கணக்கில் சேர்த்து பிஷப்பிடம் ஒப்படைப்பார்கள், தூக்கு இல்லை. பைபிளின் 51-ஆம் சங்கீதத்தை நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். குற்றவாளியாக ஒரு மாணவி நின்றால் அவளுக்கு இந்த வழி கிடையாது. வகுப்பு கொதிக்கும், கொதிக்கட்டும். அது நியாயமான கோபம்.

தூக்கு உறுதியானால் அவனுடைய அசையும் சொத்து அரசருக்குப் போகும். கோழி, சட்டி, போர்வை என்று பட்டியல் எழுதவையுங்கள். மனைவி மக்களுக்கு என்ன மிஞ்சும் என்றும் கேளுங்கள். இந்தப் பட்டியலை ஜூரி ஆட்டுக்கு விலை சொல்வதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது. உண்மையான ஜூரிகளுக்கு அந்த வீட்டு நிலவரம் முன்பே தெரிந்திருந்தது.