ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றிய 390 ட்யூக்கில் பெட்ரோல் மேப்பைத் திருத்தும் முறை

முந்தைய தலைமுறை கேடிஎம் 390 ட்யூக்கின் 373 சிசி இன்ஜினுக்குள் போகும் காற்றை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் அந்த வண்டியில் இல்லை. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்பன போன்ற விவரங்களைக் கொண்டு, கம்பெனி எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்தே இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலின் அளவை முடிவு செய்கிறது. அந்த அட்டவணையே மேப். காற்றுத் தடை குறைந்த ஃபில்டரையும் சைலன்சரையும் மாட்டிய பிறகும் பழைய அட்டவணையே இருந்தால், முழு த்ராட்டிலில் கலவை லீன் ஆகி, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போய், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் கசிவைத் தேடுங்கள். சைலன்சர் பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சோப்புத் தண்ணீரைத் தடவி ஸ்டார்ட் செய்தால், கேஸ்கட் சரியாக உட்காராத இடத்தில் நுரை கிளம்பும். புகை வெளியேறும் துடிப்புகளுக்கு இடையே அந்த இடுக்கு வெளிக்காற்றை உள்ளே இழுப்பதால், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் கலவையை உண்மையைவிட லீனாகக் காட்டும். இதை அறியாமல் நான் ஒரு மாலை முழுவதும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் ஸ்பார்க் பிளக்கைக் கரியாக்கியதுதான் மிச்சம்.

அடுத்து, வைட்பேண்ட் சென்சார், அதாவது கலவையைப் பரந்த எல்லையில் அளக்கும் ஆக்சிஜன் சென்சார், தேவை. வண்டியோடு வரும் ஆக்சிஜன் சென்சார் லாம்டா 1 (பெட்ரோல் முழுதும் எரியத் தேவையான காற்று சரியாக இருக்கும் நிலை; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம், மேலே என்றால் காற்று அதிகம்) என்ற புள்ளிக்கு அருகில் மட்டுமே துல்லியமானது. முழு த்ராட்டிலில் நமக்கு வேண்டியதோ ஏறக்குறைய 0.88. மீட்டரை லாம்டா அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது. 14.7 என்ற காற்று-எரிபொருள் விகிதம் கலப்பில்லாத பெட்ரோலுக்கு உரியது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது சுமார் 13.5 என்பதால், அந்த எண்ணைத் துரத்தினால் குழப்பமே மிஞ்சும்.

பழைய மேப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடான பின், டைனோவில் (வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, உருளைமேல் சக்கரத்தைச் சுற்றவிட்டு அளக்கும் கருவி) நான்காவது கியரில் த்ராட்டிலை ஒரே நிலையில் பிடித்து, ஆர்பிஎம் ஏற ஏற லாம்டாவைப் பதிவு செய்யுங்கள். சாலையில் ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்க்கும் வேலை வேண்டாம்.

கணக்கு எளியது: அளந்த லாம்டாவை வேண்டிய லாம்டாவால் வகுக்க வேண்டும். 7,000 ஆர்பிஎம், முழு த்ராட்டில் கட்டத்தில் 0.97 வந்து, வேண்டியது 0.88 என்றால், விடை 1.10, அதாவது 10 சதவீதம் கூடுதல் பெட்ரோல். ஆனால் முதல் முறை 5 மட்டும் கூட்டி, மறுபடி அளந்த பிறகு மீதியைச் சேருங்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் உயர்த்தி, பக்கத்திலுள்ள 6,500, 7,500 கட்டங்களை அப்படியே விட்டால், வண்டி அந்த இடத்தைக் கடக்கும்போது வெட்டி வெட்டி இழுக்கும். எண்கள் சரிவாக ஏறி இறங்க வேண்டும்.

மெதுவாகச் சீராக ஓட்டும் பகுதியில் இசியூ தன் சென்சாரைப் பார்த்து லாம்டா 1-க்குத் தானே திருத்திக்கொள்ளும். பிக்கிபேக் (இசியூவோடு இணைத்து பெட்ரோல் அளவைத் திருத்தும் தனிக் கருவி) வழியாக அங்கே நீங்கள் கூட்டுவதை அது கழித்துவிடும் என்பதால், அந்தக் கட்டங்களைத் தொடாதீர்கள். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) பக்கமும் இப்போதைக்குப் போக வேண்டாம். அதில் தவறினால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) பிஸ்டனையே உடைக்கும்.