பாம்புத் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் வளர்க்கும் பால் பைத்தானின் (ball python, ஒரு மலைப்பாம்பு இனம்) வயிறு லேசாகச் சிவந்திருந்ததை முதல் நாளே பார்த்தேன். சட்டை உரிக்கப்போகும் சமயத்தில் வயிறு அப்படிச் சிவப்பது வழக்கம்தான் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது, வயிற்றின் நடுவில் அகலச் செதில்கள் நான்கைந்து பழுப்பேறி, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. தொட்டியில் விரித்திருந்த மரச்சீவலை ஒதுக்கிவிட்டு, அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தட்டைப் பாய்) இருந்த கண்ணாடித் தரையில் உள்ளங்கையை வைத்தேன். மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் அது நாள்கணக்கில் சுருண்டு படுத்திருந்தது.

சுட்டால் பாம்பு தானே நகர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கையிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. நகரும் என்று நம்ப முடியாது. சூடு பட்டதும் நாம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வதுபோல் அது வயிற்றை இழுத்துக்கொள்வதில்லை. உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் உயிர் அது. முதுகுப் பக்கம் குளிர்ந்திருந்தால், வயிறு வெந்துகொண்டிருந்தாலும் அங்கேயே கிடக்கும். இருட்டான, இறுக்கமான பதுங்குமிடமும் அந்தச் சூட்டின் மேலேயே இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே முதல் தவறு, ஹீட் மேட்டை நேராகப் பிளக்கில் செருகிவிடுவது. மேட்டுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மின்சாரம் இருக்கும்வரை சூடு ஏற்றிக்கொண்டே இருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் மேலே ஏதாவது மூடியிருந்தால் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும் உண்டு. சிலர் டைமர் போட்டுச் சமாளிக்கிறார்கள். டைமர் நேரத்தைப் பார்க்கும், சூட்டைப் பார்க்காது. கையால் திருகும் டிம்மரும் அப்படித்தான்: குளிரான இரவில் சரியாக இருந்த அளவு, மறுநாள் மதியம் அறை சூடானதும் அதிகமாகிவிடும். தேவை தெர்மோஸ்டாட், அதாவது சென்சாரால் சூட்டைப் பார்த்து, வைத்த அளவு வந்ததும் மேட்டை நிறுத்தும் கருவி. மேட்டுக்கு, அணைத்தும் எரியவிட்டும் கட்டுப்படுத்தும் சாதாரண வகையே போதும். மங்கவைத்துக் கட்டுப்படுத்தும் வகை பல்புகளுக்கானது. தெர்மோஸ்டாட் வாங்க இப்போதைக்கு முடியாதென்றால், மேட்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

சரி, தெர்மோஸ்டாட் வாங்கியாயிற்று. அடுத்து அதன் சென்சாரை எங்கே வைப்பது? என் பாம்பு வெந்தது இந்த இடத்தில்தான். தொட்டிக்குள் இருக்கும் வெப்பம்தானே முக்கியம் என்று சென்சாரைத் தொட்டியின் நடு உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன். மேட் தரையைத்தான் சூடாக்கும். காற்றை அது அவ்வளவாகத் தொடாது. சென்சார் காற்றில் 31 டிகிரியைத் தேடிக்கொண்டிருக்க, காற்று 26-ஐத் தாண்டவே இல்லை. 'இன்னும் போதவில்லை' என்று தெர்மோஸ்டாட் இரவும் பகலும் மேட்டை எரியவிட்டது. கருவி பழுதாகவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தது.

சென்சாரைத் தொட்டிக்குள் தரையில் போட்டுவைப்பதிலும் ஆபத்து உண்டு. பாம்பு ராத்திரியில் ஊர்ந்து திரியும்போது அதை ஒரே தள்ளலில் குளிர்ந்த மூலைக்குக் கொண்டுபோய்விடும். அதன்மேல் சிறுநீர் கழிக்கும், தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கும். சென்சார் குளிர்ந்தால் மேட் எரியும். அதனால் சென்சார் தொட்டிக்கு வெளியே, மேட்டைத் தொட்டபடி இருக்கட்டும். ஒட்டும் மேட் என்றால் அதன் அடிப்பக்கத்தில், நடுவில் வைத்து, சூடு தாங்கும் அலுமினிய டேப்பால் அசையாமல் ஒட்டிவிடுங்கள். ஒட்டாத மேட் என்றால் கண்ணாடிக்கும் மேட்டுக்கும் இடையில் வைக்கலாம்.

டேப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குள் எந்த டேப்பும் கூடாது, ஒரு துண்டுகூட. ஈரமும் சூடும் சேர்ந்து அதன் ஓரம் மெல்லக் கிளம்பும், பாம்பு அதில் ஒட்டிக்கொள்ளும், விடுவித்துக்கொள்ள முறுக்கும்போது செதிலோடு தோல் உரிந்து வரும். அப்படி ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். சமையல் எண்ணெயை விரலால் தொட்டுத் தொட்டுத் தடவி, பசை இளகியதும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டில் வைத்த எண்ணும் பாம்பின் வயிற்றில் படும் சூடும் ஒன்றாக இருக்காது. இடையில் கண்ணாடி இருக்கிறது. 32 வைத்தால் உள்தரை 29 காட்டலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் தரையை நேரடியாக அளந்துவிடலாம். ஆனால் மூடியைத் திறந்து அளக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து குறிவைத்தால் அது காட்டுவது அந்தக் கண்ணாடியின் சூட்டைத்தான். பக்கவாட்டில் ஒட்டும் வட்ட முள் மீட்டர்களை நம்பாதீர்கள். பால் பைத்தானுக்குச் சூடான பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 என்று வைத்துக்கொள்ளலாம். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. ஒரு டிகிரி கூட்டுவது, இரண்டு மூன்று மணி நேரம் காத்திருப்பது, மறுபடி அளப்பது என்று நிதானமாகச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு ஐந்து டிகிரியை ஒரேயடியாகக் கூட்டினால் இரவில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

எந்த இடத்தில் அளப்பது? விரிப்பின் மேலே அல்ல, அடியில், கண்ணாடியின் மேலேயே. மரச்சீவலையோ தென்னைநார்த் தூளையோ மெத்தைபோல் ஒரு சாண் விரித்துவிட்டால், அது போர்வைபோல் சூட்டைக் கீழேயே அடக்கிவைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அதைப் பார்த்து நாம் தெர்மோஸ்டாட்டைக் கூட்டுவோம். பாம்போ சூட்டைத் தேடித் தோண்டிக்கொண்டு நேராகக் கண்ணாடிக்கே போய்ப் படுக்கும். மேட் இருக்கும் பக்கத்தில் விரிப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டரோடு நிற்கட்டும். தோண்டிப் புதைந்து வாழும் இனம், ஆழமான விரிப்பு இல்லாமல் முடியாது என்றால், அதற்கு மேட் பொருத்தமில்லை. மேலிருந்து வரும் சூடுதான் சரி. மேட்டுக்கு நேர் மேலே பெரிய தட்டைக் கல்லைப் பரப்பி வைப்பதும் இதே தவறுதான். அடங்கிய சூட்டில் கண்ணாடி விரிசல் விடவும் கூடும்.

மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவக் கூடாது, அதுவும் ஒரு ஓரமாக. முழுத் தரைக்கும் போட்டால் பாம்பு விலகிப்போக இடமே இல்லை. அதேபோல் பதுங்குமிடம் இரண்டு வேண்டும், பக்கத்துக்கு ஒன்று. ஒன்றே ஒன்று இருந்தால், சூடா குளிரா என்பதைவிட ஒளிந்துகொள்வதுதான் பாம்புக்குப் பெரிதாகிவிடும்.

தொட்டியின் அடிப்பக்கத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மேட் ஒட்டிய தொட்டியை அப்படியே மேசையில் உட்காரவைத்தால் சூடு வெளியேற வழியின்றி அடியில் தேங்கும், மேசை கருகும். நான்கு மூலையிலும் ரப்பர் கால் வைத்து அரை சென்டிமீட்டராவது தூக்கிவிடுங்கள். மரக்கூண்டுக்கு அடியில் மேட் வேண்டவே வேண்டாம். மரம் சூட்டை உள்ளே விடாது, தானே வாங்கி வைத்துக்கொள்ளும். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஒட்டிய மேட்டைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டுவதும், இடம் போதவில்லை என்று மடிப்பதும் உள்ளே ஓடும் கம்பியைச் சேதப்படுத்தும், பிறகு ஒரு இடம் மட்டும் கொதிக்கும். மேட்டைத் தொட்டிக்குள் வைக்கவே கூடாது. அப்புறம் வயர்: பிளக்குக்குப் போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும். தண்ணீர் சிந்தினால் வயர் வழியாகப் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

அறையே குளிராக இருக்கும்போது மேட்டைக் கூட்டிக் காற்றைச் சூடாக்கப் பார்க்காதீர்கள். அந்த வேலைக்கு மேலே கூண்டுக் காப்போடு ஒரு செராமிக் ஹீட்டரும், அதற்குத் தனித் தெர்மோஸ்டாட்டும் வேண்டும், அல்லது அறையையே சூடாக்க வேண்டும். வெயில் காலத்தில் நிலைமை தலைகீழ். தெர்மோஸ்டாட் மேட்டை அணைக்கும், ஆனால் தொட்டியைக் குளிர்விக்காது. அறையே 33 டிகிரி இருக்கும் நாளில் பாம்புக்கு வேண்டியது குளிர்ந்த மூலை. மேட் முழுக்க அணைந்தே கிடக்கலாம்.

எல்லாம் பொருத்திய பிறகு பாம்பை உள்ளே விடாமல் இரண்டு நாள் ஓடவிட்டு, காலை, மதியம், நடு இரவு என்று அளந்து பாருங்கள். தெர்மோஸ்டாட்டும் ஒரு கருவிதான், எரிந்தபடியே சிக்கிக்கொள்ளவும் கூடும். அதனால் தரையில் அசையாமல் பதித்த தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, முடிந்தால் அலாரம் உள்ளதாக, எப்போதும் இருக்கட்டும்.

வயிறு சிவந்தோ பழுப்பேறியோ நீர் கோத்தோ தெரிந்தால், முதலில் மேட்டின் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதுதான் சுட்டது என்றால் ஐஸ் வைக்காமல், எண்ணெயோ வெண்ணெயோ தடவாமல், சாதாரணக் குளிர்ந்த நீரில் அந்த இடத்தை நனையுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். விரிப்பை எல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமான வெள்ளைக் காகிதத் துண்டு விரித்து, தினமும் மாற்றி, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். மேலே சிறியதாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம். என் பைத்தான் பிழைத்துக்கொண்டது. நான்கு முறை சட்டை உரித்த பிறகுதான் வயிறு மூடியது. அந்த நான்கைந்து செதில்கள் மட்டும் இன்றும் கோணலாகவே இருக்கின்றன.