சாலைப் பேய்ப்படத்துக்குக் கருத்து எழுதுவது எப்படி?

ராத்திரிப் பயணம், ஆளரவமில்லாத சாலை, வண்டிக்குள் நான்கைந்து பேர், வெளியே என்னவென்று பிடிபடாத ஒன்று. இந்த வகைப் படங்களைப் பார்த்தவர்கள் எழுதும் கருத்துகளில் பாதி, "கடைசியில் ஏமாத்திட்டாங்க" என்று முடியும். மீதி, "க்ளைமாக்ஸுக்காகவே பார்க்கலாம்" என்று முடியும். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இன்றிரவு இந்தப் படத்தைப் போடலாமா என்று யோசிப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை. பயணத்துக்குத் தனியாக ஒரு மதிப்பு, முடிவுக்குத் தனியாக ஒரு மதிப்பு என்று பிரித்து எழுதும் கருத்துதான் அவருக்கு உதவும்.

உதாரணத்துக்கு 'டெட் எண்ட்' (2003) படத்தை எடுத்துக்கொள்வோம். ஷான்-பாப்டிஸ்ட் ஆந்த்ரேயா, ஃபாப்ரிஸ் கனேபா என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலத்தில் இயக்கிய படம். ஆந்த்ரேயா பிற்பாடு நாவலாசிரியராகி 2023-இல் பிரான்ஸின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூரே வாங்கிவிட்டார். கதை சுருக்கமானது: கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அப்பா, அம்மா, மகன், மகள், மகளின் காதலன் ஐவரும் ஒரே காரில் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போகிறார்கள். இத்தனை வருடமாகப் போய்வந்த நெடுஞ்சாலையை விட்டு அப்பா ஒரு குறுக்குவழியில் வண்டியைத் திருப்புகிறார். கீழே இந்தப் படத்தின் முடிவு வரை பேச வேண்டியிருக்கிறது. படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து தொடரலாம்.

படத்தைப் போடும் முன்

"இருட்டில் ஒண்ணுமே தெரியலை" என்ற புகார் இந்த வகைக்கு நிறைய வரும். பல நேரங்களில் குறை படத்தில் இருக்காது, டிவி அமைப்பில் இருக்கும். சாலைப் பேய்ப்படத்தில் பார்க்க இருப்பதே ஹெட்லைட் வெளிச்சமும் அதைச் சுற்றிய இருட்டும்தான். டிவியை 'விவிட்' மோடில் விட்டால் வெளிச்சம் கண்ணைக் கூசும், இருட்டு முழுக்க ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். ஓரத்தில் நிற்கும் உருவம் அதற்குள் காணாமல் போகும். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள். மோஷன் ஸ்மூத்திங் இருந்தால் அணைத்துவிடுங்கள், அது சினிமாவை சீரியல்போல வழவழப்பாக்கிவிடும். அறை விளக்கையும் அணையுங்கள்.

சத்தத்துக்கும் இதே கவனம் வேண்டும். டிவியிலும் சவுண்ட்பாரிலும் உள்ள 'நைட் மோட்', உரத்த இடங்களைத் தணித்து மெல்லிய இடங்களை உயர்த்தும். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் திடீரென்று தூக்கிவாரிப்போடும் ஜம்ப் ஸ்கேர் எல்லாம் மழுங்கிப்போகும். பிறகு "திடுக்கென்று ஒரு இடமும் இல்லை" என்று எழுதினால் அது படத்துக்குச் செய்யும் அநியாயம். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்றால் ஹெட்போன் போதும். ஃபோனில் பார்த்தீர்களா, டப்பிங்கில் பார்த்தீர்களா என்பதைக் கருத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

நிமிடத்தோடு நான்கு குறிப்புகள்

பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நான்கே இடங்களில் நிமிடத்தைக் குறியுங்கள். வண்டி பிரதான சாலையை விட்டு விலகிய இடம். ஏதோ சரியில்லை என்று முதலில் தெரிந்த இடம். இனித் திரும்ப முடியாது என்று வண்டிக்குள் இருப்பவர்களுக்கே புரிந்த இடம். முடிவை நீங்கள் ஊகித்த இடம். இதற்கு மேல் எழுத வேண்டாம், தலையைக் குனிந்து எழுதும்போதெல்லாம் பயம் கலைந்துவிடும்.

"படம் லேக்" என்று எழுதத் தோன்றும்போது இந்த நான்கு எண்களும் கைகொடுக்கும். இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவே நாற்பது நிமிடம் ஓடியிருந்தால் உங்கள் புகாருக்கு ஆதாரம் இருக்கிறது. பத்தே நிமிடம் என்றால் படம் நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. உங்களை அலுப்பூட்டியது வேறு ஏதோ ஒன்று, பெரும்பாலும் வசனம்.

பயணத்தை எடைபோடுவது

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதல் கேள்வி: அந்த வழியில் ஏன் போனார்கள்? இரண்டாவது: ஏன் திரும்பி வரவில்லை? முதலாவதற்குச் சாதாரணக் காரணமே போதும், 'டெட் எண்ட்' படத்தில் அப்பாவுக்கு ஒரு மாற்றம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாவதற்குத்தான் பலமான காரணம் வேண்டும். பெட்ரோல் தீர்வது, சிக்னல் இல்லாதது, பாலம் உடைந்தது எல்லாம் அரதப் பழசு. இந்தப் படம் வேறு வழியில் போகிறது. சாலை நேராக நீண்டுகொண்டே இருக்கிறது, 'மார்காட்' என்ற ஊரின் பெயர்ப்பலகை திரும்பத் திரும்ப வருகிறது, ஊர் மட்டும் வருவதே இல்லை. பூட்டிய வீட்டில் பேய் என்றால் கதவைத் திறக்க முடியாதது பயம். இங்கே வழி திறந்தே கிடக்கிறது, போய்ச் சேரத்தான் முடியவில்லை.

மூன்றாவது கேள்வி, ஏன் பிரிந்து போனார்கள் என்பது. பேய்ப்படங்களைப் பற்றிய லாஜிக் புகார்களில் இதுதான் முதலிடம். 'டெட் எண்ட்' படத்தில் ஒரு காட்சியை நிறுத்திப் பாருங்கள். சாலையோரத்தில் வெள்ளை உடையில் ஒரு பெண், கையில் துணி சுற்றிய குழந்தை. உதவி செய்ய வண்டியில் ஏற்ற வேண்டும். ஆனால் முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், கார் நிறைந்திருக்கிறது. மகள் தான் நடந்து வருவதாகச் சொல்லி இறங்கிக்கொள்கிறாள். ஒரு சீட் குறைந்ததால் குடும்பம் பிரிகிறது, யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை. இப்படி ஒரு காட்சியைச் சுட்டிக்காட்டி, அது ஏன் எடுபடுகிறது என்று எழுதும் கருத்து, "திரைக்கதை அருமை" என்பதைவிடப் பல மடங்கு பயனுள்ளது. சொதப்பிய காட்சிக்கும் இதே முறைதான்.

வண்டிக்குள் நடக்கும் பேச்சைத் தனியாகக் கவனியுங்கள். கேமரா ஓடும் காருக்குள்ளேயே கிடப்பதால் இந்த வகைப் படங்கள் நடிப்பை நம்பித்தான் ஓடும். ரே வைஸும் லின் ஷேயும் நடிக்கும் அப்பா, அம்மா சண்டையில் சிரிப்பும் இருக்கிறது. அந்தச் சிரிப்பு பயத்தைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு, அதுதான் படத்தைத் தாங்குகிறது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவது கட்சிதான் சரி என்பேன். குடும்பம் மனதில் ஒட்டாவிட்டால் ஒவ்வொருவராகக் குறையும்போது எண்ணிக்கைதான் குறையும், வலிக்காது. நீங்கள் எந்தக் கட்சியானாலும், சிரிப்பு வந்த இடத்தில் பயம் கூடியதா குறைந்ததா என்று எழுதுங்கள்.

பேய்க்கு ஒரு விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே கறுப்பு நிறப் பழைய கார் ஒன்று வருகிறது, ஒருவரை ஏற்றிச் செல்கிறது. அடுத்து அது எப்போது வரும் என்று நாம் பயப்பட, அந்த விதி நமக்குப் புரிந்திருக்க வேண்டும். 'ஜீப்பர்ஸ் க்ரீப்பர்ஸ்' (2001) பற்றி அதிகம் சொல்லப்படும் கருத்தும் இதை ஒட்டியதுதான்: ஊருக்குத் திரும்பும் அக்கா தம்பியைத் துருப்பிடித்த ஒரு லாரி துரத்தும் முற்பாதியின் பயம், அந்த ஜந்து முழுசாகக் கண்ணில் பட்ட பிற்பாதியில் இல்லை என்பார்கள். இருபத்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை இருபத்து மூன்று நாள் வேட்டையாடும் என்ற விதி அந்தப் படத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அந்த விதி அந்தச் சாலையிலிருந்து பிறந்ததாக இல்லை, எந்த ஊரிலும் அதைப் பொருத்திவிடலாம்.

முடிவை எடைபோடுவது

"எல்லாரும் முதலிலேயே செத்துட்டாங்க" என்ற ட்விஸ்ட் சாலைக் கதைகளில் மிகப் பழையது. லூசில் ஃப்ளெட்சர் எழுதிய 'த ஹிட்ச்-ஹைக்கர்' வானொலி நாடகம் 1941-இல் ஆர்சன் வெல்ஸ் குரலில் வந்தது, 1960-இல் தொலைக்காட்சிக்கும் போனது. 1962-இல் ஹெர்க் ஹார்வி சுமார் 33,000 டாலரில் எடுத்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படமும் இதே முடிச்சுதான். கார் ஆற்றில் விழுகிறது, ஒருத்தி மட்டும் கரையேறுகிறாள், தனியாக யூட்டா மாநிலத்துக்கு வண்டி ஓட்டிப் போகிறாள், ஓடும் காரின் கண்ணாடியில் ஒரு வெளிறிய முகம் தெரிகிறது. ஆகவே "அரை மணி நேரத்திலேயே கண்டுபிடிச்சிட்டேன்" என்பதை மட்டும் குறையாக எழுதாதீர்கள். கண்டுபிடித்த பிறகும் பயம் இருந்ததா என்பதுதான் கேள்வி. நான்காவது எண்ணைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான்.

முடிவு நேர்மையானதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. படம் முடிந்ததும் முதல் பதினைந்து நிமிடத்தைத் திரும்ப ஓட்டுங்கள். 'டெட் எண்ட்' படத்தில் அப்பா ஸ்டீயரிங்கிலேயே கண் அசருகிறார், எதிரே வந்த காரில் மோதாமல் மயிரிழையில் தப்புகிறார்கள். உண்மையில் தப்பவில்லை. வெள்ளை உடைப் பெண்ணும் குழந்தையும் எதிர்க்காரில் வந்தவர்கள். மருத்துவமனையில் உயிரோடு கண் விழிப்பது மகள் மட்டும், அவளைப் பார்க்கும் டாக்டரின் பெயர் மார்காட். சாலையில் பார்த்ததற்கெல்லாம் இன்னொரு பக்கத்தில் விடை இருக்கிறது. முதலில் பார்த்த காட்சிகள் இரண்டாம் முறை கனமாகத் தெரிந்தால் முடிவு தன் கடனைத் தீர்த்துவிட்டது. அர்த்தமில்லாமல் நின்றால் அந்தக் காட்சிகள் வெறும் பூச்சாண்டி.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் பாக்கி. கடைசியில் சாலையைச் சுத்தம் செய்பவர்களுக்கு அப்பா எழுதிய தாள் கிடைக்கிறது. எல்லாமே மயக்கத்தில் மகள் கண்டது என்றால் அந்தத் தாள் எங்கிருந்து வந்தது? இது படத்தை உயர்த்துகிறது என்பதும், போட்ட முடிச்சைப் படமே அவிழ்க்கிறது என்பதும் வாதிடத்தக்க கருத்துகள். காரணத்தோடு ஒரு பக்கம் நில்லுங்கள். முடிவு பிடிக்காத ஒரே காரணத்துக்காகப் பயணத்துக்குக் கொடுத்த மதிப்பைப் பறிக்காதீர்கள். பெரும்பாலான கருத்துகள் கெட்டுப்போவது இந்த ஒரு இடத்தில்தான்.

மற்றவர்கள் மதிப்பெண்ணைப் படிக்கும்போது

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டும் சதவீதம் படத்தின் தரமதிப்பு இல்லை, எத்தனை பேருக்குப் பிடித்தது என்ற கணக்கு. எல்லோரும் "சுமாராகப் பரவாயில்லை" என்றாலும் அது நூறு காட்டும். ரசிகர்கள் வாக்களிக்கும் ஐஎம்டிபி தளத்தின் எண் நேரடிச் சராசரியும் இல்லை, வாக்குகளுக்கு எடை போட்டுக் கணக்கிடுகிறார்கள், அந்த முறையை முழுசாக வெளியிடுவதில்லை. அமெரிக்காவில் முதல் நாள் தியேட்டர் வாசலில் வாங்கும் சினிமாஸ்கோர் மதிப்பெண்ணில் பேய்ப்படங்கள் 'சி' வாங்குவது சர்வசாதாரணம். 2018-இல் 'ஹெரடிட்டரி' படத்துக்கு 'டி பிளஸ்'தான் கிடைத்தது. முதல் நாள் போகிறவர் ட்ரெய்லரில் பார்த்ததை எதிர்பார்த்துப் போகிறார், கிடைக்காவிட்டால் கோபம் வருகிறது.

எனவே மொத்த எண்ணை விட்டுவிட்டு, எந்த மதிப்பெண்ணுக்கு எத்தனை வாக்கு என்ற பட்டையைப் பாருங்கள். ஒன்றிலும் பத்திலும் குவிந்திருந்தால் முடிவைப் பற்றிய சண்டை நடக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பத்துக்கு நான்கிலிருந்து ஏழுவரை கொடுத்தவர்களின் கருத்துகளை முதலில் படியுங்கள், பிடித்ததையும் பிடிக்காததையும் பிரித்துச் சொல்பவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

எழுதும்போது

நூற்றைம்பது முதல் இருநூறு வார்த்தை தாராளம். முதல் இரண்டு வரியில் முடிவைத் தொடாமல் யாருக்கு இந்தப் படம் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் முதல் வரிகள் திறந்தே தெரியும், கதையைப் போட்டுடைக்கும் வரிகளுக்கு ஸ்பாய்லர் மறைப்பு போட்டாலும் தலைப்பு மறையாது. "செம ட்விஸ்ட்" என்று தலைப்பு வைப்பதும் ஸ்பாய்லர்தான், ட்விஸ்ட் வரும் என்று தெரிந்தவர் படம் முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பார்.

இப்படி எழுதலாம்: "ரத்தத்தைவிடக் காருக்குள் நடக்கும் குடும்பச் சண்டையை ரசிப்பவர்களுக்கான படம். குறைந்த செலவு கண்ணுக்குத் தெரிகிறது, காடும் சாலையும் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அதே சாலை திரும்பத் திரும்ப வருவதையே பயமாக மாற்றியிருக்கிறார்கள். அப்பா, அம்மா நடிப்புக்காகவே பார்க்கலாம். மகனின் ஆபாச ஜோக்குகள் அலுக்கின்றன. பயணத்துக்குப் பத்துக்கு எட்டு, முடிவுக்கு ஆறு. ஹெட்போனில், இங்கிலீஷில், சப்டைட்டிலோடு பார்த்தது."

படத்துக்கு வெளியே உள்ள விஷயத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி சில படங்களுக்கு வரும். 'ஜீப்பர்ஸ் க்ரீப்பர்ஸ்' இயக்குநர் விக்டர் சால்வா, சிறுவனைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் 1988-இல் தண்டனை பெற்றவர். இது தெரிந்தால் பார்க்க விரும்பாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியவும் வேண்டும். அதைத் தனிப் பத்தியாக, நேரடியாக எழுதுங்கள். மதிப்பெண்ணை அதற்காகக் குறைத்திருந்தால் குறைத்தேன் என்றே சொல்லுங்கள்.

எழுதியதை உடனே பதிவிடாமல் மறுநாள் காலையில் ஒருமுறை படித்துப் பாருங்கள். ராத்திரி கொடுத்த மதிப்பெண்ணும் வெளிச்சத்தில் கொடுக்கத் தோன்றும் மதிப்பெண்ணும் ஒன்றிரண்டு புள்ளி மாறும். மாறினால் இரண்டையும் போடுங்கள்.