பழைய டேங்கா, புதிய டேங்கா: என் கம்ப்ரசர் அனுபவம்

வீட்டுப் பட்டறையில் ஸ்பிரே பெயின்ட் அடிக்கப் பெரிய ஏர் கம்ப்ரசர் தேவைப்பட்டபோது, கையிலிருந்த ஹெட்டையும் (காற்றை அழுத்தும் பம்ப் பகுதி) 3 குதிரைத்திறன் மோட்டாரையும் பழைய இரும்புக் கடையில் வாங்கிய 160 லிட்டர் டேங்கின்மேல் ஏற்றி, நானே ஒன்றை உருவாக்க முடிவு செய்தேன். அழுத்தப்பட்ட காற்றிலுள்ள ஈரம் நீராகி அடியில் தேங்குவதால், வெளியே பெயின்ட் பளபளக்கும் டேங்கும் உள்ளே அரித்துப்போயிருக்கலாம். ஆகவே முழுவதும் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தமான 10 பாரின் ஒன்றரை மடங்குவரை கைப்பம்பால் ஏற்ற முனைந்தேன். 12 பாரைத் தாண்டியதும் வடிகுழாய்ப் பொருத்தின் அருகே வியர்வைபோல நீர்முத்துகள் அரும்பின. தண்ணீர் என்பதால் அழுத்தமானியின் முள் சரிந்ததோடு போயிற்று. காற்றாக இருந்திருந்தால் டேங்க் வெடித்திருக்கவும் கூடும். வெல்டிங் வைத்து அடைக்கலாம் என்றார்கள். மெலிந்த தகட்டில் அதைச் செய்ய நான் உடன்படவில்லை.

சோதனைச் சான்றிதழுள்ள புதிய டேங்கை வாங்கி, மற்றவற்றை நானே பொருத்தினேன். செலவில் பெரிய மிச்சமில்லை. ஆனால், மோட்டார் நின்று மறுபடி கிளம்பும்போதெல்லாம் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தது. மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் சுவிட்சின் அன்லோடர் (மோட்டார் நின்றதும் ஹெட்டில் மிஞ்சிய காற்றை வெளியேற்றும் சிறு வால்வு) ஓயாமல் சீறியதைக் கேட்டு, டேங்கின் காற்று ஹெட்டுக்குத் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வைக் கழற்றினேன். அதன் மூடி அமரும் இடத்தில் டெஃப்லான் டேப் துணுக்கு ஒன்று சிக்கி, டேங்கின் அழுத்தத்தை ஹெட்டுக்குத் திருப்பிக்கொண்டிருந்தது; அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப மோட்டார் திணறியதே காரணம். துணுக்கை எடுத்த பின் எம்சிபி விழவில்லை.