டி.என்.ஏ. பொருந்துகிறதா? சரி, அது எப்படி அங்கே வந்தது?

வழக்கில் டி.என்.ஏ. அறிக்கை வந்ததும், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீல்களில் பாதிப் பேர் கடைசிப் பக்கத்துக்குப் போய் 'பொருந்துகிறது' என்ற வரியைப் பார்த்துவிட்டுச் சோர்ந்துவிடுகிறார்கள். அங்கே ஆரம்பிக்காதீர்கள். மாதிரியை யார் எடுத்தார், எங்கே வைத்தார், யார் கைக்கு எத்தனை மணிக்கு மாறியது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தேனி மாவட்ட வழக்கு ஒன்றில் சொன்னபடி, மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் காரணம் கேஸ் டைரியில் (போலீஸின் விசாரணைக் குறிப்பேட்டில்) இருக்க வேண்டும். அந்த இடைவெளியைத்தான் தேடுகிறீர்கள்.

அப்புறம், அதே அறையில் அதற்கு முன் வேறு யாருடைய மாதிரி எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் கேட்கவில்லை. 2006இல் அங்கே ஒரு நைட் கிளப்பில் மயங்கிக் கிடந்த பெண்ணுக்கு எதுவும் நினைவில்லை, சாட்சியும் இல்லை, அவளைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞன் அங்கே இருந்தான் என்று காட்ட எதுவுமே இல்லை, ஆனால் அவளிடம் எடுத்த பஞ்சுக்குச்சியில் அவன் டி.என்.ஏ. இருந்தது. அப்பாவின் படுக்கையருகே இருந்தேன் என்றான், நம்பவில்லை, 2008இல் தண்டனை. பிறகுதான் தெரிந்தது: ஏறக்குறைய ஒரு நாளுக்கு முன் அதே மருத்துவமனையில், அதே மருத்துவர், அவனோடு தொடர்புள்ள வேறொரு பெண்ணிடம் மாதிரி எடுத்திருந்தார்; அங்கிருந்துதான் அவன் டி.என்.ஏ. இதில் கலந்திருக்க வேண்டும். 2009 டிசம்பரில் விடுவித்தார்கள், அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டான்.

மூன்றாவது, மாதிரி எடுக்காத வெறும் பஞ்சுக்குச்சியையும் சோதித்தார்களா? ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரில் நடந்த ஒரு போலீஸ்காரியின் கொலை உட்பட சுமார் 40 குற்ற இடங்களில் டி.என்.ஏ. கிடைத்த 'மர்மப் பெண்', பஞ்சுக்குச்சி தயாரிப்பில் வேலை பார்த்தவர் என்று 2009இல்தான் தெரிந்தது. கிருமி நீக்கம் செய்த குச்சியில் கிருமி சாகும், டி.என்.ஏ. அப்படியே இருக்கலாம்.

ரத்தமா, விந்தா, தொட்டதில் ஒட்டிய சில செல்களா என்பதையும் பாருங்கள். கடைசி வகைக்கு ஒரு கைகுலுக்கல் போதும்.

இதெல்லாம் இரண்டு பக்க அறிக்கையில் இருக்காது. ஆய்வகத்தின் முழு ஃபைலையும், அன்றைக்கு அங்கே சோதித்த மற்ற மாதிரிகளின் பட்டியலையும் கேட்டு மனு போடுங்கள், குறுக்கு விசாரணைக்கு முந்தைய நாள் அல்ல, இப்போதே.