கடலுக்கு அடியில் ரயிலில் போய், மேலே படகில் திரும்புவது எப்படி?

காரைக்குடியிலிருந்து துருக்கிக்குப் புறப்படுகிற உறவினர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இஸ்தான்புல்லின் மர்மராய் ரயிலைப் பற்றித்தான். ஐரோப்பாவில் ஏறி, பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் புகுந்து, நான்கே நிமிடத்தில் ஆசியாவில் இறங்கலாம். 2013 அக்டோபர் 29 அன்று திறந்தார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு நான் போய்வந்த முறையைச் சொல்கிறேன்.

விசாவை முடித்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஷெங்கன் விசா இருப்பவர்கள் இணையத்திலேயே இ-விசா பெறலாம். மற்றவர்கள் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கே இறங்கியதும் இஸ்தான்புல்கார்ட் என்ற பயணக் கார்டு வாங்குங்கள். டிராம் நிறுத்தங்களில் உள்ள இயந்திரங்களிலேயே கிடைக்கும், பணமும் ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு கார்டு இருப்பது நல்லது. காரணம் இருக்கிறது: மர்மராயில் உள்ளே நுழையும்போது நெடுந்தூரத்துக்கான முழுக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். இறங்கிய நிலையத்தில் ‘இயாதே’ என்று எழுதிய இயந்திரத்தில் கார்டைக் காட்டினால்தான் மீதி திரும்ப வரும். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்து வெளியே வந்துவிடுகிறார்கள்.

டி1 டிராமில் ஐரோப்பியப் பக்கத்துச் சிர்கெஜி நிலையத்துக்கு வாருங்கள். மர்மராய் நடைமேடை மிக ஆழத்தில் இருக்கிறது. நகரும் படிக்கட்டு இறங்கிக்கொண்டே போகும். முழங்கால் வலி உள்ளவர்களை லிஃப்டில் அழைத்துச் செல்லுங்கள். கீழே பெயர்ப்பலகையைப் பாருங்கள். கெப்ஸே, பெண்டிக் இரண்டில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஆசியப் பக்கம் போகிற ரயில், ஏறலாம். ஹல்கலி என்றிருந்தால் எதிர்த்திசை.

ஏறியபின் ஜன்னலில் கடலைத் தேடாதீர்கள். இருட்டுச் சுவர்தான் தெரியும். “கடல் எப்போதப்பா வரும்?” என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் ஆசியப் பக்க நிலையமான உஸ்குதார் வந்துவிட்டது. அதனால்தான் ஏறுவதற்கு முன்பே கூட வருபவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுங்கள் என்கிறேன். கடலடியில் கிடப்பது குடைந்த சுரங்கம் அன்று. கான்கிரீட் குழாய்களைக் கரையில் கட்டி, இரு முனைகளையும் அடைத்து, மிதக்கவிட்டு இழுத்து வந்தார்கள். நம் ஊருணியில் காலிக் குடம் மிதக்கும், தண்ணீர் ஏற ஏற அமிழும் அல்லவா? அப்படியே எடை ஏற்றி, அடிமண்ணில் தோண்டிய பள்ளத்தில் ஒவ்வொன்றாக இறக்கி இணைத்தார்கள். இந்தக் குழாய்ப் பகுதி மட்டும் சுமார் 1.4 கிலோமீட்டர், மிக ஆழமான இடம் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 60 மீட்டர். பாஸ்பரஸில் மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் எதிர்ப்பக்கமும் ஓடும். அந்த நீரோட்டத்துக்கு நடுவே குழாயைப் பிசகாமல் இறக்கிய வேலையை நினைத்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

நேரம் இருந்தால் சிர்கெஜிக்கு முந்தைய நிலையமான யெனிகாபியிலிருந்தே ஏறுங்கள். அங்கே தோண்டியபோது பழைய துறைமுகமும் 37 மரக்கலங்களின் மிச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றைக் கவனமாக எடுக்க வேண்டியிருந்ததால் பணி பல ஆண்டுகள் தாமதப்பட்டது. தாமதப்படுத்தியது சரிதான்.

உஸ்குதாரில் வெளியே வந்ததும் எதிரில் கடல், பக்கத்திலேயே படகுத்துறை. திரும்பும்போது ரயில் வேண்டாம். ஐரோப்பியப் பக்கத்து எமினோனு துறைக்குப் போகும் படகில் ஏறுங்கள். அதே கார்டு செல்லும். மேல்தளத்தில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தேநீர் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன தேன்குழல் டப்பாவை அங்கேதான் திறந்தோம்.

நடுநீரில், “இதற்குக் கீழேதான் அம்மா வந்தோம்” என்றேன். அம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. தூரத்தில் போன சரக்குக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, கப்பலேறிப் போனவர் அவருடைய ஐயா. “ஐயா போன கப்பல் இவ்வளவு பெரிதாக இருந்திருக்குமா?” என்று கேட்டார்.

எமினோனுவில் இறங்கினால் சிர்கெஜி நடக்கும் தூரம்தான்.