அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை ரெசிடென்சியிலிருந்து மயக்கவியலுக்கு மாறுவது எப்படி?

அமெரிக்காவில் பொது அறுவைச் சிகிச்சைக்கான ரெசிடென்சி, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி, 5 ஆண்டுகள் நீள்வது. அதன் இரண்டாம் ஆண்டில் இருப்பவர் மயக்கவியலுக்கு மாற எண்ணினால், தம்மை வாட்டுவது அறுவைச் சிகிச்சையா, வாரத்துக்கு 80 மணி நேரம் வரை செல்லும் பணிச்சுமையா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நன்றாக உறங்கி எழுந்த நாளிலும் அறுவை அரங்கில் கத்தியைக் கையிலெடுக்க மனம் ஒப்பவில்லையென்றால், மாறுவதே சரி. காரணம் களைப்பு மட்டும்தான் என்றால், புதிய துறையிலும் அது தொடரும்.

முடிவு உறுதியானதும், பேச வேண்டிய முதல் நபர் தற்போதைய பயிற்சித் திட்டத்தின் இயக்குநர். இடம் கிடைத்த பிறகு அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். இது நடக்காது. ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்இ அமைப்பின் விதிப்படி, மாறி வருபவரைச் சேர்ப்பதற்கு முன்பே, அவர் பெற்ற பயிற்சிக்கான சான்றையும் திறன் மதிப்பீட்டையும் புதிய திட்டத்தினர் பழைய இடத்திலிருந்து பெற்றாக வேண்டும். ஆகவே செய்தி எப்படியும் இயக்குநரை எட்டும், அது உங்கள் வாயிலாகவே எட்டுவதுதான் நல்லது. அவருக்கு உடனடியாக எழும் கவலை, உங்கள் பணிநேரங்களை யார் நிரப்புவார்கள் என்பது. பயிற்சியாண்டு முடியும் ஜூன் 30 வரை முழுமையாகப் பணியாற்றுவேன் என்று முதல் சந்திப்பிலேயே உறுதி கூறினால், பரிந்துரைக் கடிதம் கேட்பதும் எளிதாகும்.

விண்ணப்பதாரர்களுக்கு ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் நாடு தழுவிய ‘மேட்ச்’ முறையில், ஏற்கெனவே பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கென்றே ‘ஆர்’ வகை இடங்கள் உண்டு; அவை மேட்ச் நடக்கும் அதே ஆண்டில் தொடங்குகின்றன. இடையில் காலியாகும் இடங்களைப் பற்றி உங்கள் மருத்துவமனையின் மயக்கவியல் துறையிலேயே முதலில் விசாரியுங்கள்.

மயக்கவியல் பயிற்சியின் 4 ஆண்டுகளில் முதலாவது பொது மருத்துவ அடிப்படைக்கானது. அறுவைச் சிகிச்சையில் முடித்த ஆண்டு அதற்கு ஈடாக ஏற்கப்பட்டால், மீதி 3 ஆண்டுகள்தான். எதை ஏற்கிறார்கள் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பயிற்சிக்காக மருத்துவமனைக்குத் தரும் நிதி, முதலில் சேர்ந்த துறையின் கால அளவைக் கொண்டே கணக்கிடப்படுவதால், 2 ஆண்டுகள் முடித்து மாறுபவரின் மொத்தக் காலம் அந்த 5 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அதற்குமேல் தாமதித்தால், கூடுதல் காலத்துக்கான நேரடி நிதியில் பாதிதான் மருத்துவமனைக்குக் கிடைக்கும்.

ஜே-1 என்னும் பரிமாற்றப் பயிற்சி விசாவில் சென்ற வெளிநாட்டு மருத்துவர்களுக்குக் கெடு இன்னும் இறுக்கமானது: அந்த விசா நிலையில் நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், ஒரே ஒரு முறைதான் துறை மாறலாம். எனவே அவர்கள் முதல் ஆண்டிலேயே முடிவெடுப்பது நல்லது.

எவராயினும், புதிய இடத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம்.